சட்டசபையில் போட்ட குலவை

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் வேலை பார்த்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததுமே, இந்த ஆள் சொன்னதைச் செய்வாரா, சும்மா கதை விடுகிறாரா என்று குரலை வைத்தே கணித்துவிடுவேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர் முதியோர் நலச் சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆக்கிய நாளிலிருந்து வருத்தப்பட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் கம்பத்திலிருந்து அதிக தூரமில்லை. முன்பெல்லாம் டவுன் பஸ் ஊருக்குள்ளேயே வந்து, மந்தைப் பொட்டலில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பும். பைபாஸ் போட்டார்கள். அன்றோடு பஸ்ஸுக்குப் பெரிய மனுசத்தனம் வந்துவிட்டது. ஊருக்குள் வரமாட்டேன், பைபாஸ் விலக்கில்தான் நிற்பேன், வேண்டுமென்றால் நடந்து வந்து ஏறிக்கொள் என்று நின்றுகொண்டது. ஊர் ரோடு பிரிகிற அந்த விலக்கு, ஊரிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். வழியில் இருந்த புளியமரங்களை ரோட்டை அகலமாக்குகிறேன் என்று வெட்டிவிட்டார்கள். இளவட்டங்களுக்கு பைக் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் வருகிறது. கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை விடியும் முன்னே ஜீப் வந்து அள்ளிப் போட்டுக்கொண்டு மலையேறிவிடும். மிச்சம் கிடப்பது நாங்கள், கிழடுகட்டைகள். இவர்களுக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது என்று ரோடு போட்ட மகராசன்கள் நினைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது ஐயா, வேறெங்கே?

என் அண்ணன் வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். அவருடைய ரெண்டு கிட்னியும் கைவிரித்துவிட்டன. மெஷினில் மாட்டி ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பினால்தான் அடுத்த மூன்று நாள் ஓடும். பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்து, வியாபாரிகளிடம் வாய் கொடுத்து வாய் கொடுத்து நக்கல் பழகின மனிதர். நோய் வந்த பிறகும் நக்கல் குறையவில்லை. ஆனால் மெஷினிலிருந்து இறங்கும்போது தலை சுற்றும், கால் பின்னும். அந்த நிலையில் விலக்கில் இறங்கி, மதினி தோளைப் பிடித்துக்கொண்டு, மொட்டை வெயிலில் ஊருக்கு நடக்க வேண்டும். மதினி என்றால் அவர் பெண்டாட்டி.

ஜீப்பில் அனுப்பிப் பார்த்தோம். பெண்களுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்ததில் ஊசி குத்தும் கையில் அடிபட்டு வீங்கிவிட்டது. அந்தக் கையில் சின்ன அடிகூடப் படக்கூடாது என்று டாக்டர் சத்தம் போட்டார். ஊரில் இருப்பது ஒரே ஒரு ஆட்டோ. அது வந்தால் வரும், வராவிட்டால் டிரைவரின் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த மாமனார் மாதிரி அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகிற மனிதரை நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒருநாள் திரும்பி வரும் வழியில், பாதித் தூரத்தில் இருக்கிற வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் அண்ணன் சுருண்டு விழுந்தார். முழங்கால் சிராய்ந்து ரத்தம். அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரல. நடந்து சாகுறதுக்குப் படுத்தே சாகுறேன். சோலி மிச்சம்."

அடுத்த முறை அவர் சொன்னபடியே போகவில்லை. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோ பிடித்து அள்ளிக்கொண்டு போனோம். இப்படி இன்னும் ரெண்டு தடவை விட்டால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது என்றார் டாக்டர். விஷயம் அவ்வளவுதான். பஸ் ஊருக்குள் வந்தால் என் அண்ணன் இருப்பார். வராவிட்டால் இருக்கமாட்டார்.

பஸ் டிப்போவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், பஸ்ஸை மட்டும் கொடுக்கவில்லை.

"உங்க ஊருல ஏறுறது பூரா வயசான பொம்பளைக. அவுகளுக்கு டிக்கெட்டு கெடையாது. கலெக்‌ஷன் இல்லம்மா" என்றார்.

"எங்கண்ணன் டிக்கெட்டு எடுப்பாக."

"ஒருத்தருக்காக வண்டிய விட முடியுமா? மேல இருந்து சொன்னா விடலாம். இப்பச் சட்டசபை நடக்குதுல்ல, அங்கன ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க. மறுநாளே ஆர்டர் வந்துரும்."

இதைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் சொன்னதுதான் தாமதம், எங்கள் தலைவருக்குச் சிறகு முளைத்துவிட்டது. தலைவர் கூட்டுறவு சொசைட்டியில் இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கும் சால்வையும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. பீரோ நிறையச் சால்வை வைத்திருக்கிறார். எல்லாம் யாரோ அவருக்குப் போர்த்தியவை, அவர் யாருக்கோ போர்த்தப் போகிறவை. ஒரு பச்சைச் சால்வை தாலுகா முழுவதும் தோளுக்குத் தோள் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"கேக்குறதுதான் கேக்குறோம், சேத்துக் கேப்போம்" என்றார் தலைவர். "முதியோர் பூங்கா. வாசக சாலை. நடைப்பயிற்சி மேடை."

எனக்கு வந்ததே கோபம். "நடக்க முடியலன்னுதானய்யா பஸ்ஸு கேக்குறோம். இதுல நடைப்பயிற்சிக்கு மேடையா? வெளங்கிரும்!"

சண்டை போட்டு எல்லாவற்றையும் அடித்துவிட்டு பஸ்ஸை மட்டும் வைத்தேன். கூட்டம் முடிந்தபோது தலைவர் என்னிடம் பேசவில்லை. பச்சைச் சால்வையை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எம்.எல்.ஏ. வீட்டுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். ஒரு பெட்டி திராட்சை, பச்சைச் சால்வை, மதினி, நான், தலைவர், இன்னும் சிலர். எம்.எல்.ஏ. சிரித்த முகம். யாரைப் பார்த்தாலும் நேற்றுத்தான் உங்களைப் பற்றி நினைத்தேன் என்கிற மாதிரிச் சிரிப்பார். சால்வையை வாங்கினார். பின்னால் நின்ற உதவியாளரிடம் நீட்டினார். அந்தப் பையன் அதை ஏற்கெனவே இருந்த ஒரு குவியலில் போட்டான். போச்சுடா, இனி இது திரும்பி வராது என்று தலைவர் முகம் வாடியது.

"உங்க ஊர்ல வயசானவுக எத்தன பேரு? ஓட்டுப் போட வந்துருவாகளா?" என்று கேட்டார் எம்.எல்.ஏ.

"பூத்து ஊருக்குள்ளதான் இருக்கு. அதுக்கு பஸ்ஸு தேவையில்ல" என்றேன் நான்.

அதற்கும் சிரித்தார். சட்டசபையில் அடுத்த வாரம் தனக்குப் பேச நேரம் கொடுத்திருப்பதாகவும், கட்டாயம் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். என்ன பேச வேண்டும் என்று நான் ஒரே வரியில் சொன்னேன்: ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசாளிகள் நடக்க முடியவில்லை, பழையபடி பஸ் ஊருக்குள் வரவேண்டும். உதவியாளர் குறித்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். தலைவர் எழுந்து, "ஊரு பேரு மொதல்ல வரணும். பேரச் சொல்லிட்டு அப்புறம் கோரிக்கை. அதான் ஊருக்கு மரியாதை" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அப்படியே ஆகட்டும் என்றார்கள். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க பாஸும் தருவதாகச் சொன்னார்கள்.

இங்கே மதினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையில் ஏலக்காய் எடுத்தே வாழ்நாளைக் கழித்தவள். அவளுடைய குலவைச் சத்தம் எங்கள் பக்கத்தில் பிரசித்தம். சித்திரையில் வீரபாண்டிக் கோவில் திருவிழாவுக்கு ஊர் ஊராக அக்கினிச்சட்டி எடுத்துப் போவோம். அங்கே மைக்கில், இன்ன ஊர் மக்கள் வருகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்ப் பெயர் மைக்கில் விழுந்த நொடியே மதினி நாக்கைச் சுழற்றிவிடுவாள். அவள் எடுத்தால் மற்றப் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். மைக்கில் ஊர்ப் பெயர் கேட்டுக் குலவை போடாமல் இருப்பது எங்கள் பெண்களைப் பொறுத்தவரை ஊரை அவமானப்படுத்துவது. சின்ன வயதிலிருந்து ஊறிப்போன சங்கதி.

எம்.எல்.ஏ. பேசும் நாள் புதன்கிழமையாக வாய்த்தது. செவ்வாய் ஆஸ்பத்திரி முடிந்து, வெள்ளிக்குள் திரும்பிவிடலாம். திருப்பூரில் இருக்கும் அண்ணன் மகன் லீவு போட்டு வந்து அவருக்குத் துணையிருந்தான். மதினியிடம், நீ இருந்து பார்த்துக்கொள் என்றதற்கு, "எம் புருசனுக்காகப் பேசப் போறாக, நான் இல்லாம எப்படி?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கூடவே தலைவரும் நாலைந்து பெண்களும் வந்தார்கள்.

சென்னையில் சட்டசபை வாசலில் எங்களைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். போனை வாங்கிக்கொண்டார்கள். மதினியின் வெற்றிலைப் பையை வாங்கிக்கொண்டார்கள். மாடத்துக்குப் போகும்முன் ஒரு காவலர் சட்டதிட்டம் சொன்னார்: பேசக்கூடாது, கைதட்டக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது, எதையும் தூக்கிப் போடக்கூடாது. மதினி ஒவ்வொன்றுக்கும் பவ்யமாகத் தலையாட்டினாள்.

மேலே போய் உட்கார்ந்தோம். நல்ல குளுகுளு வசதி. கீழே பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் மேசையைத் தட்டுவதில் இருந்தார்கள். ஒருவர் எழுந்து முதியோர்தான் நாட்டின் சொத்து என்றார். மேசை தட்டினார்கள். இன்னொருவர் முதியோரைக் கண்போல் காப்போம் என்றார். அதற்கும் தட்டினார்கள். சொத்து என்றுதான் எங்களை வெயிலில் காயப் போட்டிருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் எம்.எல்.ஏ. எழுந்தார். தன் கட்சித் தலைவரை வணங்கினார். தலைவரின் முன்னோர்களை வணங்கினார். தன் கட்சியின் தெருமுனைத் தொண்டன் வரை ஒருவரையும் விடாமல் வணங்கினார். வணங்கி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது, சீக்கிரம் முடியுங்கள் என்று சபாநாயகர் மணியடித்தார். அட, விஷயத்துக்கு வாயேன் மனுசா என்று பல்லைக் கடித்தேன்.

எம்.எல்.ஏ. தொண்டையைச் செருமினார். "பேரவைத் தலைவர் அவர்களே, ஒன்றே ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், முல்லையாறு தாலாட்ட, திராட்சை மணக்கும் என் தொகுதியில்..." என்று இழுத்து, எங்கள் ஊர்ப் பெயரைக் கணீரென்று மைக்கில் சொன்னார்.

அவ்வளவுதான். என் பக்கத்திலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு குலவை! மதினி எடுத்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் அவள் வாயைப் பொத்தப் போனேன், என் கையையும் மீறி வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விழித்து மேலே பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் இது எந்தக் கட்சியின் சதி என்று எழுந்து கத்தினார்கள். எதிர்வரிசை கத்தியதும் இந்த வரிசையும் கத்தியது. காவலர்கள் ஓடிவந்து எங்கள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தும்போது, உறுப்பினரின் நேரம் முடிந்துவிட்டது, உட்காருங்கள் என்று சபாநாயகர் சொன்னது காதில் விழுந்தது. ஊர்ப் பெயருக்கு அடுத்த வார்த்தையை எம்.எல்.ஏ. சொல்லவே இல்லை. பஸ் என்ற சொல் அந்தச் சபையில் எழவேயில்லை.

வெளியே ஒரு மரத்தடியில் உட்காரவைத்து விசாரித்தார்கள். மதினிக்குத் தான் செய்த தப்பு என்னவென்றே புரியவில்லை.

"கை தட்டக் கூடாதுன்னாக, தட்டல. பேசக் கூடாதுன்னாக, பேசல. எந்திரிக்கக் கூடாதுன்னாக, உக்காந்துதான இருந்தேன்? குலவ போடக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

விசாரித்த பெண் போலீஸுக்கு உசிலம்பட்டிப் பக்கம். சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் தண்ணீர் கொடுத்து, வெற்றிலைப் பையையும் கொடுத்து, இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று அனுப்பினார்கள். தலைவர் தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மதினிக்கு உறைத்தது. "அப்ப பஸ்ஸ சொல்லலையா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் உதவியாளரிடமிருந்து போன். குரலில் குற்றாலம் கொட்டுகிறது. மந்திரி பதிலுரையில் எங்கள் ஊரைப் பற்றிப் பேசினாராம். குலவையிட்டு இந்த அவையை வாழ்த்திய தாய்மார்கள் இனி வெயிலில் வாடக்கூடாது என்று, எங்கள் ஊருக்கு நவீன பயணியர் நிழற்குடை ஒன்றை அறிவித்தாராம். சபையே மேசையைத் தட்டியதாம்.

"பஸ்ஸு?" என்றேன்.

"மொதல்ல நிழற்குடை வரட்டும்மா. பின்னாடியே பஸ்ஸும் வந்துரும்."

அந்தக் குரலில் பஸ் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் மட்டும் லட்டு வாங்கித் தெருத்தெருவாகக் கொடுத்தார். அண்ணனுக்கும் ஒன்று கொண்டுவந்தார். அண்ணன் லட்டைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "கால் இல்லாதவனுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்துருக்காக. நல்லா இருக்கட்டும்" என்றார்.

நிழற்குடை வந்தது. கிரானைட் தரை, எவர்சில்வர் இருக்கை, எம்.எல்.ஏ. படம், அவர் பெயர் ஆளுயரத்துக்கு, அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஊர்ப் பெயர். எங்கே கட்டினார்கள் தெரியுமா? மந்தையில், பஸ் வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அதே இடத்தின் நட்டநடுவில். காண்டிராக்டரிடம் போய் ஐயா இதில் கட்டினால் பஸ் எப்படித் திரும்பும் என்று கேட்டேன். "இங்கனதான் பஸ்ஸே வர்றதில்லையேம்மா" என்றான்.

இதற்கு நடுவில் அண்ணனைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது மதினியின் பிடிவாதம். ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, இல்லையென்றால் நடை. நான் போகமாட்டேன் என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். அவள் கட்டிலோடு தூக்குவேன் என்று நிற்பாள். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டில் ஒரு போர் நடந்தது. அவர் மெலிந்துகொண்டே வந்தார், அவளும்.

புரட்டாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு விழா வைத்தார்கள். வெள்ளிக்கிழமை! ஊரில் இருந்த ஒரே ஆட்டோவை, மைக் செட் கட்டித் திறப்பு விழாவுக்கு வாரீர் என்று கத்திக்கொண்டு சுற்றுவதற்கு வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். மதினி ஆட்டோவைத் தேடி வந்தால், அது அவள் முன்னாலேயே மூத்த குடிமக்களின் காவலரே வருக என்று கத்திக்கொண்டு போகிறது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள்.

எம்.எல்.ஏ. வந்தார். கூட வந்த ஜீப் அடுத்த ஊர் விழாவுக்கு முன்னால் போய்விட்டது, அவருடைய கொடி கட்டின கார் மட்டும் நின்றது. ரிப்பன் கட்டியிருந்தது. டிவிக்காரர் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். மதினி அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையோடு கூட்டத்துக்குள் வந்தாள். அவளைப் பார்த்ததும் உதவியாளர் ஓடினார்.

"ஆத்தா, அன்னைக்குச் சட்டசபையில போட்டீகள்ல, அதே குலவ. எம்.எல்.ஏ. அண்ணன் ரிப்பன வெட்டும்போது ஒரே ஒரு தடவ. டிவிக்காரவுக எடுக்குறாக."

மதினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்குப் போட்டதுக்குக் கையப் பிடிச்சு வெளிய தள்ளுனீக. இன்னைக்குக் கும்பிட்டுக் கேக்குறீக."

ரிப்பன் வெட்டினார்கள். ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. மதினி எடுக்காமல் யார் எடுப்பார்கள்? அந்த அமைதியில் அவள் அண்ணனை நடத்திக்கொண்டு போய் எவர்சில்வர் இருக்கையில் உட்காரவைத்தாள். பையை அவர் மடியில் வைத்தாள்.

"பஸ் ஸ்டாப்பு கட்டிட்டீக. சந்தோசம். இன்னைக்கு இவுகளுக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாளு. பஸ்ஸு வரட்டும், குலவ போடுறேன்" என்றாள்.

அண்ணன் நெற்றிக்கு மேல் கை வைத்து எம்.எல்.ஏ.வை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பச்சைக் குழந்தையின் அப்பாவித்தனம். "ஏப்பா தம்பி, கம்பம் பஸ்ஸு எத்தன மணிக்கு வரும்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேமரா எம்.எல்.ஏ. முகத்துக்குத் திரும்பியது. அவர் சிரிப்பு ஒரு வினாடி வழுக்கியது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஐயாவ நம்ம கார்ல கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார். தலைவர் கைதட்டினார். அண்ணனும் மதினியும் கொடி கட்டின காரில் ஏறிப் போனார்கள். அண்ணன் ஜன்னல் வழியாக எங்களுக்குக் கையசைத்துக்கொண்டு போனதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

எனக்கு அப்போது ஒரு புத்தி வந்தது. ஒருவர் பேச்சை இன்னொருவர் காதில் கோத்துவிடுவதுதானே என் தொழில்? நேராக டிவிக்காரரிடம் போய், எம்.எல்.ஏ. காது கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"தம்பி, எம்.எல்.ஏ. விலக்கு வரைக்கும் எங்களோட நடந்தே வர்றாகளாம். வயசாளிக கஷ்டத்த நேர்ல பாக்கணும்னு அவுகளே சொன்னாக. நல்லா எடுங்க."

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று கேமரா முன்னால் எந்த எம்.எல்.ஏ. சொல்வார்? நடந்தார். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. கேமராக்காரர் பைக்கில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு படம் எடுத்துக்கொண்டே வந்தார். குடை பிடிக்க ஓடிவந்த கட்சிக்காரனை நான் தடுத்தேன். "எங்கண்ணனுக்கு யாருப்பா குடை பிடிச்சா? சும்மா வா." எம்.எல்.ஏ. வேகமாக எட்டு வைத்தால், "பையப் போங்க, நாங்க கிழடுக" என்று எங்கள் கூட்டம் முழுவதும் அவரைச் சூழ்ந்துகொண்டு ஊர்ந்தது. அண்ணன் நடக்கிற நடைதான் அன்று அவருக்கும்.

வாய்க்கால் பாலத்தில் நிறுத்தினேன். "இங்கன செத்த நேரம் உக்காரணும்."

"ஏம்மா?"

"எங்கண்ணன் இங்கனதான் விழுந்தாக. விழுந்ததுலேருந்து இங்கன உக்காந்துட்டுத்தான் போவாக."

உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "வாரத்துக்கு ரெண்டு தடவையா?" என்று மெதுவாகக் கேட்டார். அன்றுதான் அவர் குரலில் மேடை இல்லாமல் கேட்டேன். அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது.

விலக்குக்கு வந்து சேர்ந்தோம். கார் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. பைபாஸில் லாரிகள் அனலைக் கிளப்பிக்கொண்டு போயின. எம்.எல்.ஏ. சுற்றுமுற்றும் பார்த்தார். "பஸ்ஸு நிக்கிற எடம் இதான? இங்கன நிக்க ஒரு நிழலு இல்லையேம்மா?"

"நிழல ஊருக்குள்ள கட்டிட்டீகளே" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஊருக்குள் வந்தது. நிழற்குடை குறுக்கே நிற்பதால் மந்தையில் திரும்ப முடியவில்லை. ஊரைத் தாண்டி நெல்லடிக்கிற களம் வரை போய், கண்டக்டர் விசிலடிக்க விசிலடிக்கப் பின்னால் வந்து, ஒருவழியாகத் திரும்பியது. இன்றைக்கும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் களத்து வேம்படியில் நின்று ஏறுகிறோம். நிழற்குடையில் ஆடுகள் படுக்கின்றன. எவர்சில்வர் இருக்கை குளுமையாக இருக்கும்போல.

முதல் நாள் பஸ் வந்தபோது உதவியாளர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கத் தயாராக நின்றார். பஸ் வந்ததும் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாளே! எல்லோரும் மதினியைப் பார்த்தோம். அவள் அண்ணனைப் படியேற்றினாள். ஊசிக் கை ஜன்னல் பக்கம் இடிபடாதபடி மறுபக்கம் உட்காரவைத்தாள். பிறகு கண்டக்டரிடம் கேட்டாள்.

"இனி எப்பவும் வருமா தம்பி?"

"ஆர்டர் இருக்குற வரைக்கும் வரும் ஆத்தா. எம்.எல்.ஏ. ஆபீசுல சொல்லி விட்டுருக்காக."

மதினி கொஞ்சம் யோசித்தாள். உதவியாளரைப் பார்த்து, "வெள்ளிக்கெழமையும் வரட்டும். பெறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்றாள். இப்போது எலெக்‌ஷன் நெருங்குகிறது. சட்டசபையையே அதிரவைத்த தாய் எங்கள் எம்.எல்.ஏ. அண்ணனை வாழ்த்திக் குலவையிடுகிறார் என்று ஒரு வீடியோ வேண்டுமாம். வாரம் தவறாமல் உதவியாளர் எனக்குப் போன் பண்ணுகிறார். ஆத்தாவிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். கட்டாயம் சொல்கிறேன் என்று நானும் சிரித்த குரலில் கதை விடுகிறேன். குலவை கிடைக்காத வரைக்கும் பஸ் நிற்காது. இது எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும்.

இந்தச் சித்திரையில் வீரபாண்டிக்குப் போயிருந்தோம். மைக்கில் எங்கள் ஊர்ப் பெயரைக் கூப்பிட்டார்கள். பெண்கள் எல்லோரும் மதினி எடுப்பாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். சுற்றிலும் ஆயிரம் செல்போன். எவன் படம் பிடித்து எவனுக்கு அனுப்புவானோ! மதினி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆத்தா மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க என்று சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நடந்தாள். நாக்கு உள்ளே துடிப்பதை நான் கன்னத்தில் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து இதை அண்ணனிடம் சொன்னேன். நக்கலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் மதினியையே பார்த்தார்.

"இம்புட்டு வருசத்துல இவ வாயி மூடியிருந்து நான் பாத்ததில்ல" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்குற வரைக்கும் போட்டுறாத, என்ன?" என்றார்.